காலி என்றால் நம்பாதவர்

தேநீர் தீர்ந்துவிட்டது என்று யார் சொன்னாலும் அவர் கெட்டிலின் மூடியைத் திறந்து உள்ளே ஒரு பார்வை பார்ப்பார். தண்ணீர்த் தொட்டி காலி என்றால் மொட்டைமாடிக்கு ஏறிப் போய்ப் பார்ப்பார். கேஸ் சிலிண்டர் காலி என்றால் தூக்கி ஆட்டிப் பார்ப்பார். ஒருநாள் துபாயில் தேராவிலிருந்து கடற்கழியைத் தாண்டிப் பர் துபாய்க்குப் படகில் போகும்போது, "இங்கே காலியாத்தான் இருக்கு, உட்காருங்க அண்ணாச்சி" என்றேன். குனிந்து பலகையை உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் உட்கார்ந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. வெறும் பலகையில் என்ன இருக்கப்போகிறது?

"பலகைதானே அண்ணாச்சி?"

"ஈரம் இருக்கும்லா சார்" என்றார். இருந்தது. அவர் கால்சட்டை தப்பித்தது, என்னுடையது நனைந்தது.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்குத் தெரிந்தால் போதும், ஊருக்குத் தெரிய வேண்டாம்.

எழுபதுகளின் நடுவில் துபாயில் வேட்டைச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். முன்பக்கம் தொலைநோக்கிகள், பிளாஸ்குகள், கூடாரத் துணி, கண்ணாடி அலமாரிக்குள் துப்பாக்கிகள். ஓரத்தில் ஒரு மேசையும் டைப்ரைட்டரும் நானும். பின்னறையில் அவர். இந்திய ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவராக, பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தவர். தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை ஊர். நான் திருச்சிக்காரன். அவர் என்னைவிட ஆறேழு வயது பெரியவர், அதனால் எனக்கு அவர் அண்ணாச்சி. நான் டைப் அடிப்பவன், அதனால் அவருக்கு நான் சார். என்ன சொல்லியும் அதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

அந்தக் காலத்தில் அந்த ஊரில் தங்கமும் முத்தும் விற்ற பெரிய வியாபாரிகள் சிறிய பிஸ்டல் ஒன்று வைத்திருப்பார்கள். கந்தூரா என்கிற நீள அங்கியின் பக்கவாட்டுப் பையில் போட்டால் வெளியே தெரியக் கூடாது. எடுக்கும்போது எதுவும் துணியில் மாட்டக் கூடாது. இந்த இரண்டு தேவைக்காக ஐரோப்பாவில் யார் யாரோ மண்டையை உடைத்துக்கொண்டு செய்த விசித்திரங்களெல்லாம் எங்கள் பின்னறைக்கு வந்து சேர்ந்தன. வெளியே நீட்டிக்கொண்டு ஒன்றுமே இல்லாமல் சோப்புக் கட்டி மாதிரி ஒன்று வந்தது. கைப்பிடியே இல்லாமல் முஷ்டிக்குள் அடங்குகிற ஒன்று. மடித்தால் சிகரெட் பெட்டி அளவுக்கு ஆகிற ஒன்று. அவர் ஒவ்வொன்றையும் பிரித்து வெள்ளைத் துணியில் பரப்பி, வெகுநேரம் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஒரு மனுசன் உக்காந்து யோசிச்சிருக்கான் சார். எல்லாரும் போற வழியில போவாம போயிருக்கான்."

அவருக்கு அவற்றின் மேல் பிரியம் இருந்தது, சந்தேகமும் இருந்தது. நீளத் துப்பாக்கிகளிடம் அவருக்கு இந்தச் சந்தேகம் இல்லை. ஒருமுறை காரணம் கேட்டேன்.

"பெருசு தன்னைய மறைக்காது. இதுக்கு மறைக்கதுதான் வேலை. மறைக்கப் பழகின சாமான் நம்மகிட்டயும் மறைக்கும்."

அவர் மேசையில் இருந்த ஒரு பிஸ்டலை நான் கையில் எடுத்தது அந்தப் பேச்சுக்குப் பிறகு சில நாட்களில்தான். என் கண் முன்னால் அவர் பரிசோதித்துக் கீழே வைத்தது அது. சும்மா ஒரு ஆசைக்கு எடுத்து அதன் வாய்ப் பக்கம் கண்ணைக் கொண்டுபோனேன். மணிக்கட்டில் சுள்ளென்று ஓர் அடி விழுந்தது. பிஸ்டலைப் பிடுங்கி, மறுபடி முதலிலிருந்து பரிசோதித்தார்.

"இப்பத்தானே பார்த்தீங்க?"

"அது அப்ப பாத்தது" என்றார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே என் மேசைக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, மன்னிப்பும் கேட்காமல், அடித்தது சரி என்றும் சொல்லாமல் போனார்.

சத்வாவில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு வெள்ளிக்கிழமை சில சமயம் சாப்பிட வருவார். என் மனைவி அப்போது முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். உள்ளே வந்ததும் சமையலறையை எட்டிப் பார்த்து அடுப்பின் திருகைத் தொட்டுப் பார்ப்பார், பிறகுதான் உட்காருவார். மற்ற யாராவது செய்திருந்தால் என் மனைவி சண்டைக்குப் போயிருப்பாள். "அவர் வந்துட்டுப் போனா நிம்மதியா தூக்கம் வருதுங்க" என்று சொல்லுவாள்.

அவருக்கு அங்கே ஒரே ஒரு சிநேகிதன். எங்கள் கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு முத்து வியாபாரியின் காவலாள். பலூச்சிஸ்தான் கடற்கரைக்காரன். அவனும் ஏதோ ஒரு படையில் இருந்தவன்தான். பலூச்சி என்றுதான் எல்லோரும் அவனைக் கூப்பிட்டோம். சாயங்காலத் தொழுகை முடிந்ததும் பின்னறைக்கு வந்துவிடுவான். இரண்டு பேரும் தேநீர் குடித்துக்கொண்டே யாருடைய படையில் டிரில் சுத்தம் என்று இந்தியில் சண்டை போடுவார்கள். பிஸ்டல் காலியா என்று பார்ப்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே பாடம். தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்று. மேலே இருக்கும் ஸ்லைடை இரண்டு தடவை பின்னால் இழு. உள்ளே தோட்டா கிடந்தால் வெளியே வந்து விழும். பிறகு வாயைத் தரைப் பக்கம் காட்டி விசையை அழுத்து. வேலை முடிந்தது. பலூச்சி இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்து காட்டி, "காலி ஹை, உஸ்தாத்" என்று சிரிப்பான். உஸ்தாத் என்றால் ஆசான். "கண்ணத் தொறந்து செய்யி" என்று இவர் அதட்டுவார்.

அந்த முத்து வியாபாரி கிழவர். விரல்கள் வாதத்தில் மடங்கிப் போயிருந்தன. சாதாரணப் பிஸ்டலின் ஸ்லைடை இழுக்க அந்த விரல்களில் வலு இல்லை. அவருக்காக எங்கள் முதலாளி, அவரை நாங்கள் அர்பாப் என்போம், வெளிநாட்டிலிருந்து ஒன்றை வரவழைத்தார். பெட்டியைப் பிரித்த அன்று அண்ணாச்சி என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது.

"சார், இங்கன வாங்க. இதப் பாருங்க."

பக்கத்தில் இருந்த சின்ன நெம்புகோலைத் தள்ளினார். குழலின் பின்பக்கம் தானாகவே மேலே எழும்பியது. அந்தத் திறந்த வாயில் ஒரு தோட்டாவை விரலால் வைத்து, அழுத்தி மூடினால் போதும். ஸ்லைடை இழுக்கவே வேண்டாம். நோயாளி விரலுக்கென்றே ஒருவன் யோசித்திருக்கிறான்.

"என்ன மூளைங்கிய" என்றார். பிறகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மாறியது. மருந்து இல்லாத ஒரு டம்மித் தோட்டாவை எனக்குத் தெரியாமல் உள்ளே வைத்து மூடி, என்னிடம் நீட்டினார்.

"மேகசினக் கழத்துங்க. ரெண்டு தடவ இழுங்க."

இழுத்தேன்.

"என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரலை."

"அப்ப காலியா?"

"காலிதான்."

வாங்கி நெம்புகோலைத் தள்ளினார். குழல் எழும்பியது. பித்தளைத் தோட்டா உள்ளே உட்கார்ந்திருந்தது.

"மத்த பிஸ்டல்ல எல்லாம் உள்ள கெடக்கத இழுத்து வெளிய எறிய ஒரு கொக்கி உண்டு. இதுல கெடையாது. தொறந்து பாத்து எடுக்கணும். புதுசா தொடுதவனுக்கு ஆபத்தில்ல சார், அவன் காயிதத்தப் படிப்பான். இருவது வருசம் இழுத்துப் பழகுனவன் இருக்காம்லா, அவந்தான் ஏமாறுவான்."

எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தத் துப்பாக்கி விற்றாலும் பெட்டி மூடியின் உள்பக்கம் அதை எப்படிக் கையாள்வது என்று அரபியில் ஒரு சிறிய அட்டை ஒட்டித் தருவோம். அவர் ஆங்கிலமும் இந்தியும் கலந்து சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் டைப் அடிப்பேன். பிறகு கழியைத் தாண்டிப் போய், கோர்ட்டு வாசலில் மனு எழுதிக்கொண்டிருக்கும் ஒரு எகிப்தியரிடம் கொடுத்து அரபியில் எழுதி வாங்குவேன்.

"மொத வரியா இதப் போடுங்க சார். இழுத்தா வெளிய வராது, தொறந்து கண்ணால பாருன்னு போடுங்க. மத்ததெல்லாம் பொறவு."

போட்டேன். மொத்தம் ஆறு வரி. அவர் மூன்று தடவை திருத்தினார், மூன்று தடவையும் நான் புதிதாக அடித்தேன். அர்பாப் பார்த்துவிட்டு, "நீளமாக இருக்கிறது, அட்டைக்குள் அடங்காது, சின்னதாக்கு" என்று இந்தியில் சொன்னார். எந்த வரியை எடு என்று அவர் சொல்லவில்லை. அதை நான் மறைக்கக் கூடாது. எடுத்தது நான். மற்ற ஐந்து வரிகளும் ஒன்றோடொன்று தொடர்ந்து வந்தன, அவற்றில் ஒன்றை எடுத்தால் மற்றதெல்லாம் மாற்ற வேண்டும். முதல் வரி தனியாக நின்றது. அதை மட்டும் கோடு போட்டு அடித்துவிட்டால் தாளை அப்படியே கொண்டுபோகலாம். ஆகஸ்ட் மாதம், மத்தியானம், படகுத்துறைவரை நடக்க வேண்டும். கிழவரிடம் பிஸ்டலைக் கொடுக்கும்போது எப்படியும் அண்ணாச்சி வாயால் சொல்லத்தானே போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் அவர் மேல் எரிச்சலும் இருந்தது. இவருக்கு எல்லாமே பூதம்தான் என்று நினைத்தேன்.

கிழவர் பிஸ்டலைக் கேட்டு ஆள் அனுப்பிய வாரம், ஒரு வேட்டைக் கோஷ்டியின் துப்பாக்கிகளைச் சரிபார்க்க அண்ணாச்சியை அல் அய்னுக்கு அனுப்பினார் அர்பாப். நாலு நாள் வேலை. ஜீப்பில் ஏறுவதற்கு முன் பெட்டியைத் திறந்து அட்டையைப் பார்த்தார். அவருக்கு அரபி எழுத்துத் தெரியாது.

"அந்த வரி இருக்கா சார்?"

இல்லை என்றால் மறுபடி டைப் அடிக்க வேண்டும், மறுபடி கழியைத் தாண்ட வேண்டும்.

"இருக்கு அண்ணாச்சி" என்றேன்.

சரி என்று பெட்டியை மூடினார். தேநீர்க் கெட்டிலைக்கூட நம்பாத மனிதர் அதை நம்பிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலை கிழவர் தம் பிஸ்டலைத் துடைத்து வைக்கச் சொல்லிப் பலூச்சியிடம் கொடுத்தார். அவன் சம்மணம் போட்டுக் கம்பளத்தில் உட்கார்ந்தான். மேகசினைக் கழற்றினான். ஸ்லைடை இரண்டு தடவை இழுத்தான். ஒன்றும் வந்து விழவில்லை. பாடத்தின்படி வாயைக் கீழே காட்டி விசையை அழுத்தினான். தோட்டா தொடையில் பெரிய இரத்தக் குழாயை அறுத்துக்கொண்டு போயிற்று. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவன் போய்விட்டான்.

அட்டையில் அந்த வரி இருந்தால் மட்டும் அவன் படித்திருப்பானா என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அந்தச் சமாதானத்துக்கும் வழியில்லாமல் போயிற்று. பெட்டி வந்த அன்றே கிழவர் அட்டையை வரி வரியாக உரக்கப் படித்ததாகவும், பலூச்சி பக்கத்தில் நின்று கேட்டதாகவும் கிழவரின் மகன் போலீஸில் சொன்னார். ஐந்து வரியையும் அவன் கேட்டிருக்கிறான்.

போலீஸ் ஸ்டேஷனில் அர்பாப், அண்ணாச்சி, நான் மூன்று பேரும் நின்றோம். அண்ணாச்சி அல் அய்னிலிருந்து நேராக அங்கே வந்திருந்தார், சட்டையெல்லாம் செம்மண். இந்தப் பிஸ்டலில் இழுத்துப் பார்த்தால் தெரியாது என்பது உனக்குத் தெரியுமா என்று அதிகாரி கேட்டார். தெரியும், அட்டையில் முதல் வரியாகப் போட்டிருக்கிறது என்றார் இவர். அதிகாரி அட்டையை அரபியில் படித்தார். பக்கத்தில் இருந்தவர் இந்தியில் சொன்னார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அதோடு நின்றுவிட்டது.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. எனக்கும் அவருக்கும் நடுவில் மூன்றடிகூட இல்லை. வாயைத் திறந்திருக்கலாம். எனக்கு என் மனைவியின் ஏழு மாத வயிறுதான் கண்ணில் வந்தது. வேலை போனால் விசா போகும், விசா போனால் ஊர். அப்படியெல்லாம் நினைத்தேன் என்று இப்போது சொல்கிறேன். உண்மையில் பயந்தேன், அவ்வளவுதான்.

அவர் அதிகாரியிடம் திரும்பி, "அட்டையைச் சரிபார்க்க வேண்டியது என் வேலை. நான் சரிபார்க்கவில்லை" என்று இந்தியில் சொன்னார். அர்பாப் பெருமூச்சு விட்டார். பழியை ஏற்க ஒருத்தன் கிடைத்துவிட்டான்.

அவரை எட்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். கிழவர் வழக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அதற்குமேல் போகவில்லை. அர்பாப் விசாவை ரத்து செய்து பம்பாய்க் கப்பலில் ஏற்றிவிட ஏற்பாடு செய்தார். துறைமுகத்துக்கு நான் போனேன். போகாமல் இருந்திருந்தால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கோணிப்பை. வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நான் அந்த வரியை..."

"தெரியும் சார்."

"ஏன் சொல்லலை நீங்க?"

"என்னத்தச் சொல்ல? வேற ஆளு சொல்லியிருந்தா அந்த எகிப்துக்காரன்ட்டயே போயி வாசிச்சிக் காட்டச் சொல்லியிருப்பேன். நீங்க சொன்னிய, பாக்கல. பாக்காம விட்டது நாந்தான்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். அவர் கோணிப்பையின் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டே பேசினார்.

"வீட்டுல அவுகள நல்லாப் பாத்துக்கிடுங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் சார். அந்தப் பலூச்சிப் பயலுக்கு அம்மா இருக்கா. ஒவ்வொரு கடுதாசியிலயும் எம்பேரச் சொல்லித்தான் எழுதுவான். அவ என்னைய என்ன நெனைக்காளோ. அவுக ஊர் ஆளு யாராச்சும் வந்தா கேட்டு எழுதுங்க. ஏசுனாலும் பரவாயில்ல, ஏசுனதையே எழுதுங்க."

"எழுதறேன்" என்றேன்.

இரண்டு மாதம் கழித்துப் பலூச்சியின் அண்ணன் வந்தான். தம்பியின் சாமான்களை வாங்கிப்போக வந்தவன், கடையைத் தேடிக் கண்டுபிடித்து உஸ்தாத் எங்கே என்று கேட்டான். அர்பாப் வெளியே போயிருந்தார். நான் அவனைப் பின்னறையில் உட்காரவைத்தேன். உஸ்தாத் ஊருக்குப் போய்விட்டார் என்றதும் அவன் முகம் வாடிவிட்டது.

"அம்மா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினாள்" என்றான். "என் மகனுக்குப் பரதேசத்தில் கூட உட்கார்ந்து தேநீர் குடிக்க ஒருத்தர் இருந்தார். அவர் மேல் எனக்கு மனசில் ஒன்றும் இல்லை. அவர் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும், நிம்மதியாகத் தூங்க வேண்டும். இதை அவரிடம் நேரில் சொல்லிவிட்டு வா என்றாள். நீங்கள் எழுதுவீர்களா?"

"கண்டிப்பாக எழுதுகிறேன்."

என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வெகுநேரம் விடவில்லை. அந்த மன்னிப்பு என் கைக்குத்தான் வந்தது, விலாசம் வேறு ஒருவருடையது.

அந்த வெள்ளிக்கிழமை ஏர் லெட்டர் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்புள்ள அண்ணாச்சிக்கு என்று எழுதினேன். அந்தத் தாய் மன்னித்துவிட்டாள் என்று எழுதுவதற்கு முன்னால், மன்னிக்கப்பட வேண்டிய ஆள் நீங்கள் இல்லை, நான் என்று எழுத வேண்டும். அவருக்கு அது தெரியும். ஆனாலும் அதை மையில் எழுத என் கைக்கு வரவில்லை. அவர் வீட்டில் யாராவது படிப்பார்கள், ஊருக்குத் தெரியும், ஊரிலிருந்து துபாய்க்குத் தெரியும். அடுத்த வெள்ளிக்கிழமை என்று வைத்தேன். அதற்குள் எனக்கு மகள் பிறந்துவிட்டாள். பிறகு பல வெள்ளிக்கிழமைகள் வந்தன. ஒரு வருஷம் ஆனபிறகு எழுதினால், ஏன் இத்தனை நாள் என்று ஒரு கேள்வி வருமே என்று பயமாக இருந்தது. இரண்டு வருஷம் ஆனபிறகு அதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

நாலாவது வருஷம், அவருடைய ஊர்க்காரர் ஒருவர், ஏசி டெக்னீஷியன், என் வீட்டைத் தேடி சத்வாவுக்கு வந்தார். லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்பியிருந்தார்.

"அண்ணாச்சி ஒங்களப் பாக்கச் சொன்னாவ சார். ஒடம்பு சொகமில்ல. எழும்பி நடக்க மாட்டாவ. இங்கயிருந்து யாரு லீவுல வந்தாலும் கூப்புட்டு வச்சி கேப்பாவ, அங்கன ஒரு பலூச்சியோட அம்மா எதும் சொன்னாளான்னு. யாருக்கும் ஒண்ணும் வெளங்காது. இந்தத் தடவ ஒங்க பேரச் சொல்லி, சார்ட்ட கேட்டுட்டு வா, அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கும்னாவ. எதும் தகவல் உண்டா சார்?"

என் மகள் தரையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். என் மனைவி அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கு எதுவுமே தெரியாது. உண்டு என்று சொன்னால், எப்போது வந்தது என்று கேட்பார்.

"இல்லை. ஒண்ணும் வரலைன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் காபியைக் குடித்துவிட்டுப் போனார். மறுபடி அவரைப் பார்த்தது மறு வருஷ லீவுக்குப் பிறகு. அண்ணாச்சி போய் மூன்று மாதமாகிவிட்டது என்றார். நான் சொன்னதை அப்போதே அண்ணாச்சிக்குக் கடிதம் எழுதித் தெரிவித்துவிட்டாராம்.

"அதுக்கப்புறம் யாரிட்டயும் அவர் கேட்கலையா?" என்றேன்.

"இல்ல சார். வீட்டுல கடுதாசிய வாசிச்சிக் காட்டியிருக்காவ. சார் வரலன்னு சொன்னா வந்திருக்காதுன்னு சொல்லிட்டாவளாம். பொறவு யாரையும் விசாரிக்கவே இல்லையாம்."